அக்கா மகனைப் பிடித்து பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) வைத்திருக்கிறார்கள், வயது 16. நாளைக்கு என்ன நடக்கும்?

லயத்து வீடு 14 | வியாழன், இரவு 10.52

வணக்கம். மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு எஸ்டேட் டவுன். ஊர் பெயரைப் போடவில்லை, மூன்று தெருவும் ஒரு கோயிலும் உள்ள இடம், சொன்னால் யார் வீடு என்று உடனே தெரிந்துவிடும்.

என் அக்கா மகன், வயது 16, படிவம் 4. நான் அவனுக்குச் சித்தி. இன்று சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், செம்பனை மில் ரோட்டில் ஒரு மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறான். ஓட்டினவன் பக்கத்துத் தாமான் பையன், அவனுக்கு 19. மோட்டாரில் நம்பர் பிளேட் இல்லை. போலீஸ் நிறுத்திப் பார்த்ததில் அது போன வாரம் காணாமல் போன மோட்டாராம். இரண்டு பேருக்கும் விலங்கு மாட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு யாரும் போன் செய்யவில்லை. பசார் மாலாம் (இரவுச் சந்தை) போன பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் தெரியும்.

அக்காவுக்குக் கையுறை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். அத்தான் தவறி நாலு வருஷம் ஆகிறது. அதனால் நான்தான் பாலாய்க்குப் போனேன். முன்னால் இருந்தவர் நீ அம்மா இல்லையே, நாளைக்கு வா என்றார். ஒரு மணி நேரம் அங்கேயே நின்ற பிறகு ஐஓ (விசாரணை அதிகாரி) வெளியே வந்தார். ‘தீகா துஜோ செம்பிலான் ஆ’, அதாவது 379ஏ என்றார், நாளைக்கு ரிமாண்டு எடுப்போம் என்றார், உள்ளே போய்விட்டார். பையனைக் காட்டவில்லை.

ரிமாண்டு என்றால் எத்தனை நாள்? பெரிய ஆட்களோடு ஒரே லோக்காப்பில் போட்டுவிடுவார்களா? லாயருக்குக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, பன்னிரண்டு மணிக்கு பிரேக்கில் போன் செய்வாள், என்ன சொல்வது என்றே தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய கிராணி | வியாழன், இரவு 11.20

தங்கச்சி, நான் வக்கீல் இல்லை. கிள்ளானில் ஒரு லாயர் ஆபீசில் 20 வருஷத்துக்கு மேல் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவன், ரிமாண்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய் நின்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நாளைக்கு வக்கீல் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் மணிக் கணக்கு. ஆறரைக்குப் பிடித்தார்கள் என்றால் நாளை ஆறரைக்குள் அவனை ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், பயண நேரம் மட்டும் இதில் சேராது. அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவே இப்படித்தான் சொல்கிறது. சிறார் சட்டம் 2001, அதில் 84ஆவது பிரிவும் அதே 24 மணி நேரத்தைத்தான் சொல்கிறது, ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவனைச் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்து, அந்த நேரத்துக்குள் அது முடியாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போ என்கிறது. நம் ஊர்ப் பக்கம் நடைமுறையில் மாஜிஸ்திரேட்தான்.

அப்புறம் அந்த ஐஓ சொன்ன எண். 379ஏ என்றால் வண்டித் திருட்டு, 1 வருஷத்திலிருந்து 7 வருஷம் வரை. எண்ணைக் கேட்டு வந்தீர்களே, அது நல்ல காரியம், ஏனென்றால் எத்தனை நாள் ரிமாண்டு என்பது அதில்தான் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 117ஆவது பிரிவு, கோர்ட் பக்கம் எல்லாரும் ஒன் செவன்டீன் என்பார்கள். தண்டனை 14 வருஷத்துக்குக் குறைவு என்றால் முதல் தடவை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் தடவை கேட்டால் இன்னும் 3 நாள், அதோடு சரி. 14 வருஷமோ அதற்கு மேலோ என்றால் 7ம் 7ம். ராத்திரியில் வீட்டை உடைத்துத் திருடினால் 457, அது 14 வருஷம் வரை போகும், ஆகவே அதே பையன் அதே பாலாயில் இரண்டு மடங்கு நாள் இருக்க வேண்டி வரும். 2007இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன்னால் மொத்தம் 15 நாள் வரை வைக்கலாம், அந்தக் காலத்து ஆட்கள் இன்னமும் பதினைந்து நாள் பதினைந்து நாள் என்று பயமுறுத்துவார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

4 நாள் என்பது உச்சம். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. மாஜிஸ்திரேட் 1 நாளும் கொடுக்கலாம், கொடுக்காமல் விட்டுவிடவும் செய்யலாம், விசாரணை டைரியைப் பார்த்து எதற்காக வேண்டும் என்று கேட்டு, காரணத்தை எழுதியும் வைக்க வேண்டும். ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவருக்கு இரண்டு நிமிஷம், போலீஸ் நாலு கேட்கும், பையன் பக்கம் வாய் திறக்க ஆள் இருக்காது, நாலு கிடைத்துவிடும். வக்கீல் ஒருவர் நின்று ‘இவன் பின்னால் உட்கார்ந்து வந்தவன், அம்மா இங்கேயே இருக்கிறார், வீடு இன்ன இடம், பள்ளிக்குப் போகிறவன், இனி இவனிடம் என்ன விசாரிக்க நாலு நாள்?’ என்று கேட்டால் அதே மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டைரியை இன்னொரு தடவை புரட்டுவார்.

பணம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது, மலாயில் சுருக்கி ஒய்பிஜிகே என்பார்கள். பிடிபட்ட நேரம், ரிமாண்டு, ஜாமீன், இதற்கென்றே 2012 முதல் இலவசமாக வக்கீல் அனுப்புகிறார்கள். பெரியவர்களுக்கு வருமானம் பார்ப்பார்கள், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பார்ப்பதில்லை. சிலாங்கூர் கிளையின் எண் இணையத்திலேயே கிடைக்கும். பையன் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், எந்த பாலாய், எந்த செக்சன், ஐஓ பெயர், இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காலையில் அங்கே அம்மா நிற்க வேண்டும். பிறப்புப் பத்திரம், அவன் ஐசி, அம்மா ஐசி, பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தால் அதுவும். சிறார் சட்டம் 87ஆவது பிரிவுப்படி, பிடித்த உடனே பெற்றோருக்கும் சமூக நலத்துறையின் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ்தான் தகவல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்பதை வக்கீலிடம் சொல்லுங்கள். கவுண்டரில் நின்று சண்டை போடாதீர்கள், பையன் உள்ளே இருக்கிறான்.

செம்பனைக்காட்டான் | வியாழன், இரவு 11.41

எல்லாரும் சட்டம் பேசுங்கள். தைப்பூசத்துக்கு முன்னால் என் இஎக்ஸ்5 மோட்டார் போனது, வாசலில் நிறுத்தியிருந்ததைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகிறவன் நான், இரண்டு வாரம் நடந்தேன், ஒரு நாள் பெரட்டுக்குப் பிந்தினதற்கு மண்டோர் பெயரை வெட்டிவிட்டார். அப்போது எனக்கு எந்தச் செக்சன் வந்து உதவியது?

பின்னால் உட்கார்ந்தவனுக்கு நம்பர் பிளேட் இல்லாதது கண்ணுக்குத் தெரியாதா? நாலு நாள் உள்ளே இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. புத்தி வரும். எங்கள் காலத்தில் அப்பாவே ரோத்தான் பிரம்பை எடுப்பார், போலீசுக்கு வேலையே இல்லை.

மூன்று பிள்ளைக்காரி | வெள்ளி, நள்ளிரவு 12.15

அண்ணே, உங்கள் மோட்டார் போனது வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் நடு மகன் இருந்திருக்கிறான், அப்போது அவனுக்குப் பதினைந்தரை. பள்ளிக்கூட வாசலில் அடிதடி, ஏழெட்டுப் பேரைப் பிடித்தார்கள்.

எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. முதல் நாள் பாலாய்க்கு நாசி லெமாக் கட்டிக்கொண்டு போனேன், வெளிச் சாப்பாடு கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அந்தப் பொட்டலத்தோடு பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள்தான் பார்க்க விட்டார்கள். ஊதா நிற லோக்காப் சட்டை, தோள் இரண்டு பக்கமும் தொங்குகிறது, அது பெரிய ஆட்களுக்குத் தைத்தது. காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் அழவில்லை, கால் விரலை மடக்கி மடக்கித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கே படுக்கிறாய் என்று கேட்டேன், சிமெண்டில் என்றான். யாரோடு என்று கேட்டேன், பதில் இல்லை. பிறகு பல மாசம் கழித்துத்தான் சொன்னான், முதல் ராத்திரி ஒரே அறையில் போதைப்பொருள் கேசில் வந்த இரண்டு பெரிய ஆட்கள், அவர்களில் ஒருவர் வெளியே வந்தால் வேலை இருக்கிறது, என்னைத் தேடி வா என்று போன் நம்பரை மனப்பாடம் பண்ண வைத்தாராம். இதுதான் அண்ணே அங்கே வருகிற புத்தி.

தங்கச்சி, அந்த அறை விஷயத்தை முதலிலேயே கேளுங்கள். பெரியவர்களோடு சேர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம், எங்களுக்கு அப்போது தெரியாது.

இன்னொன்று, பிறப்புப் பத்திரத்தைக் கட்டாயம் கொண்டு போங்கள். என் மகனோடு பிடிபட்ட ஒரு பையனுக்கு ஐசியும் இல்லை பத்திரமும் இல்லை, அவன் அம்மா அப்பா பதிவுக் கல்யாணம் பண்ணாதவர்கள். ஆள் கொஞ்சம் உயரம், 19 என்று எழுதிவிட்டார்கள். கிளினிக்கில் தடுப்பூசி போட்ட பழைய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினோம், அதில்தான் பிறந்த தேதி இருந்தது.

நிர்வாகி | வெள்ளி, நள்ளிரவு 12.31

இந்த இழையில் ஒருவர் பையன்களை போலீஸ் லாரியில் ஏற்றும் படத்தையும் பள்ளியின் பெயரையும் போட்டிருந்தார். நீக்கிவிட்டேன். சிறார் சட்டம் 15ஆவது பிரிவு, வழக்கில் சிக்கிய பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது, 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் அல்லது 5 வருஷம் சிறை அல்லது இரண்டும். வாட்சாப் குழுவில் போட்டிருந்தால் அங்கேயும் அழித்துவிடுங்கள்.

லயத்து வீடு 14 | வெள்ளி, நள்ளிரவு 12.44

அக்காவிடம் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசரிடம் கேட்டு மூன்று மணிக்குக் கிளம்பி வருகிறாள். ஒய்பிஜிகே எண்ணுக்குக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை, குறுஞ்செய்தி அனுப்பி வைத்திருக்கிறேன்.

செம்பனைக்காட்டான் அண்ணே, அவன் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. போன வருஷம் இரண்டு தடவை பள்ளிக்கு மட்டம் போட்டான். திருடினானா என்று எனக்குத் தெரியாது, கேட்க விட்டால்தானே தெரியும்.

கிராணி ஐயா, இன்னும் மூன்று சந்தேகம். விலங்கு போட்டது சரியா? அந்த 19 வயதுப் பையனோடு சேர்த்து ஒரே கேஸ் போட்டால் இவனும் பெரியவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டுமா? வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதோடு முடிந்ததா?

நாலாம் செமஸ்டர் | வெள்ளி, நள்ளிரவு 1.05

நான் சட்டம் படிக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை, தூக்கம் வராமல் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐயா தூங்கியிருப்பார், நான் சொல்கிறேன்.

விலங்கு: 2016இல் சிறார் சட்டத்தைத் திருத்தியபோது 83ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கடுங்குற்றமாக இருந்தாலோ, பிள்ளை திமிறினாலோ தப்பி ஓடப் பார்த்தாலோ தவிர விலங்கு போடக் கூடாது. கடுங்குற்றம் என்றால் கொலை, துப்பாக்கி, ஆள்கடத்தல், பெரிய போதைப்பொருள் வழக்கு மாதிரி. மோட்டார் திருட்டு அதில் வராது. ஓட முயன்றான் என்று போலீஸ் சொல்லலாம், அதனால் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன நடந்தது என்று இப்போதே விவரமாகக் கேட்டு எழுதி வையுங்கள் அக்கா.

பெரியவர்களோடு ஒரே அறை: கூடாது. 85ஆவது பிரிவு. பாலாயில் இருக்கும்போது, கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது, வெளியே காத்திருக்கும்போது, மூன்று இடத்திலும் குற்றம் சாட்டப்பட்ட பெரியவர்களோடு பழக விடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். படம் எடுக்க விடக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் பெண் ஒருவரின் பார்வையில் வைக்க வேண்டும். சின்ன பாலாயில் இரண்டே அறை இருந்தால் என்ன செய்வார்கள் என்பது வேறு கதை, இருந்தாலும் கேட்க உரிமை உண்டு.

சேர்த்துக் கேஸ்: 18 தாண்டியவனோடு சேர்த்துக் குற்றம் சாட்டினால் சிறார் நீதிமன்றம் விசாரிக்காது, வழக்கமான கோர்ட்தான். ஆனால் கடைசியில் உங்கள் பையன் விஷயத்தில் அந்தக் கோர்ட்டும் சிறார் சட்டத்தில் உள்ளதைத்தான் செய்ய வேண்டும், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்த பிறகே உத்தரவு போட வேண்டும். தனியாகக் குற்றம் சாட்டினால் சிறார் நீதிமன்றம்: ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு ஆலோசகர்கள், அவர்களில் ஒருவராவது பெண், வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள்.

வாக்குமூலம்: குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ஆவது பிரிவில் எடுப்பார்கள். தன்னை மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். எழுதினதை அவன் பேசிய மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அவன் தமிழில் சொல்லி அவர்கள் மலாயில் எழுதியிருந்தால் அதை வக்கீலிடம் சொல்லுங்கள். விசாரணைக்கு முன்னால் சொந்தக்காரருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல விட வேண்டும் என்று அதே சட்டத்தில் 28ஏ இருக்கிறது, அதுவும் நடக்கவில்லை போல.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. சிறார் சட்டம் 84ஆவது பிரிவு, பிள்ளையைக் கொண்டுவந்தால் பெற்றோர் பத்திரத்தில் விட்டுவிடு என்பதைத்தான் முதலில் சொல்கிறது. கடுங்குற்றமாக இருந்தால், கெட்ட சகவாசத்திலிருந்து பிரிப்பது பிள்ளையின் நன்மைக்கு அவசியம் என்றால், வெளியே விட்டால் நீதி கெட்டுப்போகும் என்று நம்பக் காரணம் இருந்தால், இந்த மூன்றில்தான் மறுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குற்றச்சாட்டு இன்னும் வைக்காத விசாரணைக் கட்டத்தில் போலீஸ் 117ஐத்தான் கையில் எடுத்துக்கொண்டு வரும், சிறார் சட்டத்திலோ அந்தக் கட்டத்துக்கென்று தனியாக நாள் கணக்கே இல்லை. 16 வயதுக்கும் 40 வயதுக்கும் ஒரே 4, ஒரே 3. பிள்ளையைக் காவலில் வைப்பது கடைசி வழியாக, முடிந்தவரை குறைந்த நாளாக இருக்க வேண்டும் என்கிறது ஐநா சிறார் உரிமை ஒப்பந்தத்தின் 37ஆவது பிரிவு. மலேசியா 1995இல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஒதுக்கி வைத்த பிரிவுகளில் அந்த 37ம் ஒன்று.

பழைய கிராணி | வெள்ளி, காலை 5.50

தூங்கவில்லை பாப்பா, கண் தெரியவில்லை, அவ்வளவுதான். நீ சொன்னதெல்லாம் சரி. ஒன்று சேர்த்துக்கொள்: ஒரு பாலாயில் ரிமாண்டு முடிந்ததும் வேறு பாலாய் வந்து வேறு கேஸ் என்று திரும்பப் பிடிப்பது உண்டு, சங்கிலி ரிமாண்டு என்பார்கள். மோட்டார் கேசில் இது அடிக்கடி நடக்கும், ஊருக்கு ஊர் புகார் இருக்குமே. தங்கச்சி, ரிமாண்டு முடியும் நாளில் அவனை வெளியே விடும்வரை பாலாய் வாசலைவிட்டு நகராதீர்கள்.

காலை ஏழரைக்கே போங்கள். ரிமாண்டு கோர்ட்டிலா, லோக்காப் இருக்கும் இடத்திலேயா என்று ஐஓவிடம் கேளுங்கள், சில நாள் மாஜிஸ்திரேட்டே அங்கே வருவார். ஆள் தெரியாமல் கோர்ட்டில் உட்கார்ந்திருந்து மத்தியானம் வரை ஏமாந்த அம்மாக்கள் நிறைய.

பேராக் ஓட்டுநர் | வெள்ளி, காலை 7.12

நான் தேடுவது இதற்கு அடுத்த கட்டம், ஆனாலும் இங்கேயே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். ரிமாண்டில் விட்டுவிட்டார்கள் என்றால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், பிறகு கூப்பிட்டுக் குற்றம் சாட்டலாம். அப்போது ஜாமீன். எங்கள் தோட்டத்தில் ஒரு பையனுக்கு 2,000 வெள்ளி ஜாமீன் சொன்னார்கள். ஜாமீன் போடுகிறவர் பெயரில் பேங்க் புத்தகம் திறந்து பணத்தைக் கட்டி, புத்தகத்தைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும், கேஸ் முடிகிறவரை அந்தக் காசைத் தொட முடியாது. அவன் அப்பாவுக்கு மாசச் சம்பளமே அவ்வளவு வராது. ஒன்பது நாள் ஓடியது. கடைசியில் கோயில் கமிட்டித் தலைவர் சொந்தக் காசைப் போட்டார், திருவிழாவுக்குத் தனியாக உண்டியல் வைத்து அடைத்தோம்.

அந்த ஒன்பது நாள் பையன் இருந்தது சிறையில் சிறார்களுக்கென்று பிரித்த பகுதியில். குற்றம் செய்தானா என்று யாரும் இன்னும் தீர்மானிக்கவே இல்லை, காசு இல்லை என்பதுதான் காரணம். ஜாமீன் கிடைக்காத பிள்ளையைத் தடுப்பு இல்லத்தில்தான் வைக்க வேண்டும், அது முடியாது, அடங்காதவன், உடல்நிலை சரியில்லை என்று கோர்ட் எழுதிக் கொடுத்தால்தான் வேறு இடம் என்று சட்டம் இருக்கிறதாம், இடம் இல்லை என்பதே ‘முடியாது’ ஆகிவிடுகிறது போல.

அவன் பாட்டி அந்த நாளெல்லாம் ஹென்றி கர்னிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று புலம்பிக்கொண்டே இருந்தார். அது கேஸ் முடிந்து உத்தரவு போட்ட பிறகு அனுப்புகிற பள்ளி, பெயிலுக்கு முன்னால் அங்கே போக மாட்டான் என்று சொன்னால் பாட்டி நம்பவில்லை. 1951இல் பிரேசர் மலை ரோட்டில் கம்யூனிஸ்டுகள் சுட்ட வெள்ளைக்கார ஹைகமிஷனர் பெயர் அது, நம் ஆட்கள் வாயில் இன்னும் பூச்சாண்டி மாதிரி இருக்கிறது.

செம்பனைக்காட்டான் | வெள்ளி, மத்தியானம் 1.30

வேலை முடிந்து வந்து எல்லாம் படித்தேன். அந்தப் போன் நம்பர் கதை எனக்குப் பிடிக்கவில்லை. பையன்களைத் தனியாக வையுங்கள், அது நியாயம். ஆனால் அந்த 19 வயதுக்காரனுக்கு யாரும் வக்காலத்து வாங்க வராதீர்கள். என் மோட்டார் இன்னும் வரவில்லை.

என்ன ஆச்சு என்று சித்தி சொல்லவே இல்லையே?

லயத்து வீடு 14 | வெள்ளி, இரவு 9.08

மன்னிக்கவும், போனில் சார்ஜ் இல்லை.

காலை 8.20க்கு ஒய்பிஜிகேயிலிருந்து கூப்பிட்டார்கள். வந்தவர் சின்ன வயது மலாய்க்கார அம்மா, பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக ஐஓவிடம் போனார். உள்ளே பையனிடம் பத்து நிமிஷம் பேசினார். வெளியே வந்து எங்களிடம் முதலில் கேட்டது, ராத்திரி எங்கே படுத்தான் என்று அவன் சொன்னானா என்பதுதான். மூன்று பிள்ளைக்காரி அக்கா, உங்களை நினைத்துக்கொண்டேன். அந்த 19 வயதுப் பையனோடு ஒரே அறையில்தான் போட்டிருந்திருக்கிறார்கள். வேறு ஆட்கள் இல்லை, அது வரைக்கும் சரி.

பத்தே முக்காலுக்கு மாஜிஸ்திரேட். அறைக்குள் அக்காவை மட்டும் விட்டார்கள், நான் கதவுக்கு வெளியே. கிராணி ஐயா சொன்ன மாதிரியே நாலு நாள் கேட்டிருக்கிறார்கள். வக்கீல் அம்மா விலங்கு விஷயத்தையும் அம்மாவுக்குத் தகவல் சொல்லாததையும் எடுத்துச் சொல்லி, வாக்குமூலம் நேற்று ராத்திரியே எடுத்தாகிவிட்டது, இனி இவனிடம் என்ன பாக்கி என்று கேட்டாராம். மாஜிஸ்திரேட் 2 நாள் கொடுத்தார். தனி அறையில் வைக்கவும் சொன்னாராம். அந்தப் பெரிய பையனுக்கு 4 நாள், அவனுக்காக யாரும் வரவில்லை, அவன் அம்மா எங்கே என்றே தெரியவில்லை. அவனும் வெறும் காலோடுதான் நின்றான்.

கூட்டிப் போகும்போது என் பக்கமாகத் தாண்டினான். சித்தி, நீலக் கால்சட்டைப் பாக்கெட்டில் டியூஷன் காசு 30 வெள்ளி இருக்கு, துவைக்கிறதுக்கு முன்னால எடுத்துடு என்றான். அவ்வளவுதான் பேச முடிந்தது.

பழைய கிராணி | வெள்ளி, இரவு 9.40

2 நாள் நல்ல உத்தரவு. ஞாயிறு காலையிலேயே போய் நில்லுங்கள்.

அந்த 19 வயதுக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை. செம்பனைக்காட்டான் திட்டட்டும். 18 தாண்டிவிட்டதால் வருமானம் பார்ப்பார்கள், ஆனால் தோட்டத்துப் பையனுக்குப் பெரும்பாலும் அது தடையாக இருக்காது. வீட்டில் யாராவது இருந்தால் அதே எண்ணைக் கொடுங்கள்.

லயத்து வீடு 14 | ஞாயிறு, மாலை 6.25

விட்டுவிட்டார்கள். போலீஸ் ஜாமீன், அக்கா கையெழுத்துப் போட்டாள். வேறு பாலாய் எதுவும் வரவில்லை, இரண்டு மணி வரை வாசலிலேயே நின்றோம். போனை மட்டும் வைத்துக்கொண்டார்கள், விசாரணைக்கு வேண்டுமாம். குற்றம் சாட்டுவார்களா என்று இன்னும் தெரியாது, கோப்பு மேலே போக வேண்டும் என்றார் ஐஓ.

வந்ததும் குளித்தான், இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான், தூங்குகிறான். மோட்டார் யாருடையது என்று அவனுக்குத் தெரியுமா என்று அக்கா இன்னும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பாள் என்று நினைக்கிறேன், நான் கேட்கப் போவதில்லை.

அந்த இன்னொரு பையனின் பெரியம்மா புக்கிட் ரோத்தானில் இருக்கிறாராம், எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

பழைய கிராணி | ஞாயிறு, மாலை 6.50

ஜாமீன் தாளில் திரும்ப வர வேண்டிய தேதி இருக்கும். அதைத் தவறவிட்டால் இவ்வளவு பட்டதும் வீண், வாரண்ட் எடுத்துவிடுவார்கள். படம் எடுத்து வையுங்கள், தாள் தொலையும்.

லயத்து வீடு 14 | ஞாயிறு, இரவு 7.02

எடுத்துவிட்டேன் ஐயா. 14ஆம் தேதி, காலை 9 மணி. அக்கா அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.